கீமோவுக்குப் பிறகு கால் மரத்துப் போகிறதா? உடற்பயிற்சி எவ்வளவு தூரம் உதவும்?

கீமோதெரபி என்றதும் முடி கொட்டுவதும் வாந்தியும்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டும் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் சரியாகிவிடும். வெளியில் தெரியாத இன்னொரு பக்கவிளைவு உண்டு. அது கை, கால் நரம்புகளில் ஏற்படும் பாதிப்பு. சிலருக்கு அது சிகிச்சை முடிந்து பல வருடங்கள் வரைகூட நீடிக்கும்.

"காலு மரத்துப் போச்சு", "ஊசி குத்துற மாதிரி இருக்கு", "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்று உங்கள் அம்மாவோ தாத்தாவோ சொல்லியிருக்கலாம். வீட்டில் நாம் சொல்லும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "கீமோ போட்டா அப்படித்தான், ரெஸ்ட் எடுங்க." அந்தப் பதில் பாதிதான் சரி. ஓய்வு தேவைதான். ஆனால் முழு ஓய்வு இந்தப் பிரச்சினையைக் குறைக்காது. மாறாக, முறையான உடற்பயிற்சி நரம்புப் பாதிப்பைத் தடுக்கவோ குறைக்கவோ உதவலாம் என்று சமீபத்திய ஆய்வுகள் காட்டுகின்றன.

சுருக்கமாகச் சொன்னால்

- மரத்துப் போவதை முதல் நாளிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை முடிவு செய்ய அவருக்கு இந்தத் தகவல் தேவை.
- சமநிலைப் பயிற்சி, நடை, தசைப் பயிற்சி ஆகியவற்றைக் கீமோ நடக்கும்போதே தொடங்குவது நல்லது.
- இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். நம் சமூகம் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கீமோ நரம்பை எப்படிக் கெடுக்கிறது?

கால் விரல் நுனியில் ஒரு சிறு கல் பட்டால் அந்தச் செய்தி முதுகுத்தண்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதைக் கொண்டு போகும் நரம்பு செல்லின் உடல் இருப்பது கீழ் முதுகுப் பக்கம். அங்கிருந்து அதன் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குக் கால் விரல் வரை ஓடுகிறது. அந்த இழை உயிரோடு இருக்கத் தேவையான சத்தெல்லாம் செல்லின் உடலிலிருந்து இழைக்குள்ளேயே பயணம் செய்து வர வேண்டும்.

ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆபீஸ் ஒரு முனையில், கடைசி லயம் மறு முனையில். நடுவில் லாரிப் பாதை கெட்டுப் போனால் முதலில் சாமான் வராமல் தவிப்பது கடைசி லயம்தான். நரம்பிலும் அதே கதை. மிக நீளமான நரம்புகள் முதலில் அடிபடும். அதனால்தான் பாதிப்பு கால் விரல்களில் தொடங்கி மேலே ஏறுகிறது. பிறகு கை விரல்களுக்கும் வருகிறது. காலுறையும் கையுறையும் போட்ட இடம் மட்டும் மரத்துப் போனது போல இருக்கும்.

எல்லாக் கீமோ மருந்தும் இப்படிச் செய்வதில்லை. முக்கியமானவை இவை:

- பாக்லிடாக்செல், டோசிடாக்செல்: மார்பகம், சினைப்பை, நுரையீரல் புற்றுநோய்களுக்குத் தருவது. நரம்புக்குள் இருக்கும் போக்குவரத்துப் பாதையை உறைய வைத்துவிடும்.
- வின்கிரிஸ்டின்: ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய்களுக்கு. இது அந்தப் பாதை உருவாகாமல் தடுக்கும். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்திய கல்யாணிச் செடியிலிருந்து கண்டெடுத்த மருந்துதான் இது. அதற்காக இலையைப் பறித்து மென்றுவிடாதீர்கள், செடி நச்சுத் தன்மை உள்ளது.
- ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின்: முன்னது பெருங்குடல் புற்றுநோய்க்கு, பின்னது நுரையீரல் உட்படப் பல புற்றுநோய்களுக்கு. இவை நரம்பு செல்லின் உடலிலேயே போய்ச் சேர்ந்து அதைத் தாக்கும்.
- போர்டிசோமிப்: மல்டிபிள் மையலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு.

ஆக்சாலிபிளாட்டினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மருந்து ஏற்றிய முதல் சில நாட்களில் குளிர்ச்சியே ஆகாது. ஃபிரிட்ஜில் கை விட்டால் சுருக்கென்று குத்தும். மைலோ ஐஸ் ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைத்தது போலாகும். இது சில நாட்களில் தணியும். ஆனால் மருந்து உடலில் சேரச் சேர நிரந்தரமான மரத்துப்போதல் வரலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளாட்டின வகை மருந்துகளில், கீமோ முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு மரத்துப்போதல் *கூடலாம்*. "மருந்துதான் நின்னுடுச்சே, ஏன் இன்னும் மோசமாகுது?" என்று பயந்து போகிறவர்கள் பலர். நோய் திரும்ப வந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது?

2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 31 ஆய்வுகளில் இடம்பெற்ற 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. கீமோ முடிந்த முதல் மாதத்தில் சுமார் 68 விழுக்காட்டினருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. மூன்று மாதத்தில் அது 60 விழுக்காடு. ஆறு மாதமும் அதற்குப் பிறகும் 30 விழுக்காடு. அதாவது பலருக்குக் குறைகிறது. ஆனால் பத்தில் மூன்று பேருக்கு நீடிக்கிறது.

நம் வீடுகளில் இது ஏன் கூடுதல் கவலை?

காரணம் இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. நீரிழிவு தானாகவே கால் நரம்பைக் கெடுக்கும். ஏற்கெனவே நலிந்த நரம்பின் மேல் கீமோவும் சேரும்போது அடி பலமாக விழும்.

இன்னொரு பக்கம், 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 100,000 இந்தியப் பெண்களில் ஆண்டுக்கு 38.1 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சீனப் பெண்களுக்கு அடுத்த நிலை அது. மார்பகப் புற்றுநோய்க்கு அடிக்கடி தரும் மருந்துகளில்தான் பாக்லிடாக்செலும் டோசிடாக்செலும் இருக்கின்றன.

அடுத்தது நம் பழக்கம். பாயா ரும்புட்டாக இருக்கட்டும், செங், புக்கிட் ரம்பாயாக இருக்கட்டும், வீட்டுக்குள் நாம் செருப்புப் போடுவதில்லை. கோயிலிலும் வெறுங்கால்தான். மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்கு நடந்தே போகிற குடும்பங்கள் உண்டு. உணர்ச்சி இல்லாத பாதத்துக்குச் சுடுகிற தரையும் தெரியாது, குத்தின ஆணியும் தெரியாது. காயம் ஆறாமல் போன பிறகுதான் தெரியவரும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அந்தக் காயம் காலையே பறிக்கும் நிலைக்குக் கொண்டு போகலாம்.

பிறகு விழுவது. நாம் நேராக நிற்பதற்கு மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள்: கண், உள்காது, பாதம். பாதம் லீவு எடுத்துவிட்டால் கண்ணை நம்பித்தான் நிற்க வேண்டும். ராத்திரி விளக்கில்லாமல் எழுந்தாலோ, குளியலறையில் சோப்பு நுரைக்குக் கண்ணை மூடினாலோ தள்ளாடுவது அதனால்தான். சமநிலைப் பயிற்சியின் அவசியம் இங்கேதான் வருகிறது.

உடற்பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

மூன்று ஆய்வுகளைப் பார்க்கலாம்.

முதலாவது 2018-இல் அமெரிக்காவில் வெளியானது. 355 பேர் பங்கேற்றார்கள். பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள். ஒரு பிரிவினருக்குக் கீமோ மட்டும். மறு பிரிவினர் கீமோவுடன் ஆறு வாரம் வீட்டிலேயே நடந்தார்கள், ரப்பர் பட்டையை இழுத்துத் தசைப் பயிற்சியும் செய்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் கை, காலில் சூடாகவோ குளிராகவோ தோன்றும் உணர்வு குறைவாக இருந்தது. மரத்துப்போவதும் ஓரளவு குறைவு. ஆனால் வித்தியாசம் சிறியதுதான். 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் கீழே.

இரண்டாவது நமக்குப் பக்கத்து அனுபவம். புது டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த குழு 2020-இல் வெளியிட்டது. பாக்லிடாக்செலும் கார்போபிளாட்டினும் பெற்ற 45 நோயாளிகளில் ஒரு பிரிவினர் தசைப் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் வீட்டிலேயே 10 வாரம் செய்தார்கள். அவர்களுக்கு நரம்பு வலி குறைந்தது, வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஜிம்மோ விலை உயர்ந்த கருவியோ இல்லாமல், நம்மைப் போன்ற வீடுகளில் நடந்தது என்பதால் இது முக்கியம்.

மூன்றாவதுதான் அதிகம் பேசப்படுவது. ஜெர்மனியில் நடந்து 2024-இல் வெளியானது. ஆக்சாலிபிளாட்டின் அல்லது வின்கிரிஸ்டின் வகை மருந்து பெறவிருந்த 158 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சமநிலைப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு அதிரும் பலகை மேல் நிற்கும் பயிற்சி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 30 நிமிடம். முடிவு இது:

- வழக்கமான சிகிச்சை மட்டும்: 70.6 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பு
- அதிரும் பலகை: 41.2 விழுக்காடு
- சமநிலைப் பயிற்சி: 30 விழுக்காடு

பத்தில் ஏழு பேருக்கு வருவது பத்தில் மூன்றாகக் குறைந்தது. இது பெரிய வித்தியாசம். ஆனால் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பங்கேற்றவர்கள் அதிகமில்லை. பாக்லிடாக்செல் வகை மருந்து அதில் சேர்க்கப்படவில்லை. அதனால் "பயிற்சி செஞ்சா வரவே வராது" என்று யாராவது வீடியோவில் சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், உடற்பயிற்சியை உறுதியாகப் பரிந்துரைக்க அப்போதிருந்த ஆதாரம் போதாது, ஆனால் பயன் தரக்கூடும், தீங்கு குறைவு என்ற நிலையை எடுத்தது. ஜெர்மன் ஆய்வு அதற்குப் பிறகு வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? அசையும்போது நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடுகிறது, உடலில் அழற்சி குறைகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதோடு, தடுமாறும் நிலையில் நிற்கும்போது பாதத்திலிருந்து மூளைக்கு ஓயாமல் செய்தி போக வேண்டியிருக்கிறது. பயன்படுத்தும் பாதை அடைபடாமல் இருக்கும் என்பது போலத்தான்.

நரம்பு முழுசாகத் திரும்பாவிட்டாலும் இன்னொரு லாபம் உண்டு. தசை பலமாகும், விழும் ஆபத்து குறையும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு 2019-இல் சொன்னதும் இதோடு சேர்கிறது: வாரம் மூன்று முறை 30 நிமிட மிதமான உடற்பயிற்சி, புற்றுநோயாளிகளின் களைப்பு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைக்கும்.

பயிற்சி எப்படி இருக்கும்?

கீழே இருப்பது பொதுவான உதாரணம். டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ ஒருமுறை பார்த்து, இவருக்கு இது சரி என்று சொன்ன பிறகு தொடங்குங்கள்.

1. நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். முதலில் 5 நிமிடம் கூடப் போதும். காலை வெயில் ஏறுவதற்கு முன் தாமானை ஒரு சுற்று வரலாம். மழை நாளில் பேரங்காடிக்குள் நடக்கலாம். பின்பக்கம் பிடிப்புள்ள காலணி அவசியம், ஜப்பான் சிலிப்பர் வேண்டாம்.

2. சமநிலை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதத்தையும் ஒட்டி நிற்கவும். அது சுலபமானால் ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றப் பாதத்தை வைத்து நிற்கவும். பிறகு ஒற்றைக் காலில். ஒவ்வொன்றும் 20 விநாடி, நடுவில் சற்று ஓய்வு. ஒரு கையால் பிடித்து, பிறகு இரண்டு விரலால் பிடித்து என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கலாம். கண்ணை மூடிச் செய்வதைப் பிசியோ முன்னால் மட்டுமே முயல வேண்டும். வீட்டில் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

3. கால் தசை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காது.

4. பாதம். உட்கார்ந்தபடி கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. தரையில் ஒரு துண்டை விரித்துக் கால் விரலால் சுருட்டி இழுப்பது. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

5. கை. துணி கிளிப்பை விரலால் அழுத்தித் திறப்பது, சட்டைப் பொத்தான் போட்டுக் கழற்றுவது, ஒரு கிண்ணத்தில் கடலையும் பருப்பும் கலந்து தொட்டே பிரிப்பது. ஆய்வுகள் பெரும்பாலும் காலையும் சமநிலையையும்தான் பார்த்திருக்கின்றன. கைக்கு ஆதாரம் குறைவு, ஆனால் அன்றாட வேலைக்குப் பழக்கமாகும்.

கீமோ போட்ட அடுத்த சில நாள் உடம்பு தளர்ந்திருக்கும். அன்று கட்டிலில் கணுக்காலை மட்டும் அசைத்தால் போதும். தெம்பு வந்ததும் திரும்பத் தொடங்கலாம். அதிரும் பலகை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். ஆய்வில் மேற்பார்வையோடு பயன்படுத்தியது வேறு, நாம் வீட்டில் ஏறி நிற்பது வேறு. எப்படியும் அதைவிடச் சமநிலைப் பயிற்சிக்குத்தான் நல்ல பலன் கிடைத்தது.

எப்போது செய்யக் கூடாது?

- காய்ச்சல் 38 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால். கீமோ நேரத்தில் இது அவசரம். பயிற்சியை விடுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
- நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் இருந்தால்.
- ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தால். அந்த நேரத்தில் விழுந்தால் ரத்தக் கசிவு ஆபத்து.
- புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால், டாக்டர் அனுமதி இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.
- பாதத்தில் ஆறாத புண் இருந்தால்.

திடீரென்று காலில் பலமில்லாமல் போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது ஆகியவை கீமோ மரத்துப்போதல் அல்ல. முதுகுத்தண்டு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மாத்திரை, எண்ணெய், வெந்நீர் ஒத்தடம்?

கீமோ நரம்பு *வலிக்கு* டுலோக்செட்டின் என்ற மாத்திரையை மட்டும்தான் மேலே சொன்ன 2020 வழிகாட்டுதல் ஏற்கிறது. டாக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து அது. அசிட்டில் எல்-கார்னிடைன் என்ற சத்து மாத்திரையைத் தடுப்பதற்காகத் தரக் கூடாது என்றும் அது சொல்கிறது. பி வைட்டமின் மாத்திரையை நாமாகவே அள்ளிப் போடுவதும் ஆபத்து. பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

எண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவது இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் சூடு வேண்டாம். வெந்நீர்ப் பை, சுடுநீரில் கால் ஊற வைப்பது, காந்தும் தைலம் மூன்றும் மரத்த காலில் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். மோட்டார் எக்சாஸ்ட் பக்கமும் கவனம். தினமும் ராத்திரி பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவருக்கு நீங்களே போனில் படம் எடுத்துக் காட்டலாம்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டு மொழி உதவும். வீட்டுப் பெரியவர்கள் பல பேர் மருத்துவமனையில் "கெபாஸ்" என்ற ஒரே மலாய்ச் சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கலாம்: தொட்டாலே தெரியவில்லை, ஊசி குத்துவது போல இருக்கிறது, எரிச்சலும் வலியும் இருக்கிறது. டுலோக்செட்டின் வலிக்குத்தான், வெறும் மரத்துப்போவதற்கு அல்ல. எனவே எது என்று பிரித்துச் சொல்வது சிகிச்சையையே மாற்றும்.

அப்பாய்ன்மென்டுக்கு முன் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

- எத்தனையாவது கீமோவுக்குப் பிறகு தொடங்கியது? விரல் நுனியா, கணுக்கால் வரையா?
- பொத்தான் போட, சாவி திருப்ப, சாப்பாட்டைப் பிசைய முடிகிறதா?
- கடந்த ஒரு மாதத்தில் விழுந்தாரா, தடுமாறினாரா?
- இனிப்பு நீர் உண்டா? கால் உணர்ச்சிச் சோதனை கடைசியாக எப்போது செய்தார்?

"சொன்னா கீமோவ நிறுத்திடுவாங்களோ" என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. டாக்டர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், சில நேரம் நிறுத்தவும் செய்யலாம். ஆனால் அது நோயையும் நரம்பையும் சேர்த்து எடைபோட்டு எடுக்கிற முடிவு. மறைத்தால் அந்தத் தராசில் ஒரு தட்டு காலியாகிவிடும். நடை போன பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

மலாக்காவில் எங்கே கேட்கலாம்?

கீமோ தரும் மருத்துவமனையிலேயே தொடங்குங்கள். "பிசியோவுக்கு ரெஃபரல் கொடுக்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். மலாக்கா மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. சில பெரிய அரசாங்க கிளினிக்குகளிலும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று தாதியிடம் கேட்டால் சொல்வார். இனிப்பு நீருக்கு ஏற்கெனவே கிளினிக் போகிறவர் என்றால், அங்கே நைலான் நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைக் கீமோ தொடங்கும் *முன்பே* கேட்டுச் செய்துகொள்ளலாம். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வேலை செய்து சொக்சோ சந்தா கட்டியவர்கள், பெர்கேசோவின் வேலைக்குத் திரும்பும் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரிக்கலாம். நோயால் வேலைத் திறன் பாதிக்கப்பட்ட சந்தாதாரர்களுக்கானது அது. பெர்கேசோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் நம் மாநிலத்தில், பெம்பானில்தான் இருக்கிறது.

அடுத்த கீமோ தேதி எப்போது? அதற்குள் மூன்று வேலைகளைச் செய்து முடிக்கலாம்: குளியலறையில் வழுக்காத பாய் போடுவது, கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் இரவு விளக்கு வைப்பது, டாக்டரிடம் கேட்க வேண்டியதைப் போனில் எழுதி வைப்பது. பிசியோ அனுமதி கிடைத்ததும், அம்மா மேடையைப் பிடித்து நிற்கும்போது 20 விநாடியை எண்ணுகிற ஆள் நீங்களாக இருங்கள்.